அரையாண்டு விவரமும் சைக்கிள் விஷயமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். வீட்டில் பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி, மதிப்பெண் அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. பார்த்துவிட்டு நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிள்ளைகளே போட்டுக்கொள்ளும் கையெழுத்து எங்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். பத்தாம் வகுப்பு கணக்கில் முன்னேற்றம் தெரிகிறது. கலைத்திருவிழாவில் பரிசு வாங்கினோம். கபடி அணி நன்றாக ஆடியது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் சிறப்பாக நடந்தது. எல்லோருக்கும் பாராட்டுகள். பதினொன்றாம் வகுப்புக்கு அரசின் விலையில்லா சைக்கிளும் வந்து, கொடுத்து முடித்துவிட்டோம்.

சரி, சைக்கிள் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

மகரஜோதி முடிந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குறைந்ததிலிருந்து, சனி ஞாயிறுகளில் நம் மாணவர்கள் கூட்டமாக மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். லோயர்கேம்பிலிருந்து குமுளி சாலையில் பாதி ஏறி, பாதி தள்ளி, மேலே போனதும் இறக்கத்தில் விடுகிறார்கள். வேறு சிலர் சுருளிப் பக்கம் தோப்புகளுக்குள் புகுந்து வனத்தின் ஓரம் வரை போகிறார்கள். ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போனில் எல்லாம் பதிவாகி, இரவுக்குள் ரீல்ஸாக வந்துவிடுகிறது. எங்கள் ஆசிரியர்களும் பார்க்கிறார்கள்.

வீட்டில் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்களும் இதில் உண்டு. விடிவதற்குள் ஜீப் ஏறி வண்டன்மேடு, புளியமலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிற தாய்மார்களுக்கு இதைச் சரிபார்க்க ஏது நேரம்? உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இனி சிறப்பு வகுப்பு இருந்தால், மாணவர் நாட்குறிப்பில் பள்ளி முத்திரையோடு எழுதி அனுப்புவோம். முத்திரை இல்லையென்றால் வகுப்பு இல்லை.

சென்ற வாரம் ஒரு குழு வரம்பையே மீறிவிட்டது. மலையடிவாரத்துப் பளியன்குடியைத் தாண்டி, கண்ணகி கோயிலுக்குப் போகிற காட்டுப்பாதையில் சைக்கிளோடு ஏறியிருக்கிறார்கள். ரோந்து வந்த வனப் பணியாளர்கள் பார்த்து, கீழே கூட்டி வந்து, பெயர்களை எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போன் செய்தார்கள். யாருக்கும் காயமில்லை. வழக்குப் போடாமல் எச்சரித்து அனுப்பியது அவர்களுடைய பெருந்தன்மை.

ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, “மேப்பில் பாதை காட்டுச்சு சார்” என்றார்கள். போனில் ஒரு கோடு தெரிந்துவிட்டால் அது சைக்கிள் ரூட் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பாதை வருஷத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும், தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் பேசி முடிவெடுத்துத் திறக்கிற பாதை. அன்றைக்கும் போலீஸ், வனத்துறை, மருத்துவக் குழு எல்லாம் நிற்கும். மற்ற நாளில் அது யானையின் வழி.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பெரியார் புலிகள் காப்பகம். இந்தப் பக்கம் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தேக்கடிக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் காட்டில் பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்களே இப்போது அங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அந்தக் காட்டைக் கரைத்துக் குடித்த அவர்களே, மூங்கில் தெப்பச் சவாரிக்கு ஆள் கூட்டிப் போகும்போது துப்பாக்கியோடு ஒரு காவலரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போகிறார்கள்.

யானையைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் கம்பம் தெருக்களில் ஓடியது, 144 தடை உத்தரவு போட்டது, டூவீலரில் வந்து யானையிடம் சிக்கியவர் உயிரிழந்தது, ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தது எல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சைக்கிளில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. ஜீப்போ பைக்கோ வந்தால் சத்தம் கேட்டு யானை பெரும்பாலும் முன்கூட்டியே விலகிவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவில் திரும்பி அதன் முன்னாலேயே போய் நிற்கும். இரண்டு பேருக்கும் திடுக்கிடல். கல்லும் வேருமான ஏற்றத்தில் அப்புறம் சைக்கிளைத் திருப்பி மிதித்துத் தப்பிப்பதெல்லாம் நடக்காத காரியம்.

அந்த ரீல்ஸில் இன்னொன்றையும் பார்த்தேன். மூன்று கல் வைத்து, சருகு பற்றவைத்து, நூடுல்ஸ் கிண்டுகிறார்கள். பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று நம் மாவட்டத்திலேயே, போடிக்கு மேலே குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்துபோனார்கள். தீ எவ்வளவு வேகமாகச் சரிவில் ஏறும் என்று அன்றைக்கு மீட்கப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது வண்டியின் நிலைமை. திங்கட்கிழமை சைக்கிள் கொட்டகையில் நானும் உடற்கல்வி ஆசிரியரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அரசு கொடுத்த சைக்கிளில் மட்கார்டு, செயின் கவர், கேரியர், முன்கூடை, பெல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ‘எம்டிபி’, அதாவது மலையேறும் சைக்கிள், ஆக்கிவிட்டார்களாம். ஒரு சைக்கிளில் பிரேக் கட்டையின் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மில் உரசி, சுற்றிலும் நகத்தால் கீறியது போலக் கோடு விழுந்திருந்தது. பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது, வண்டி நிற்கவில்லை. இந்த சைக்கிள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவதற்காகக் கொடுத்தது. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், ரப்பர் இளகி வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வரும்போதுதான் அது தெரியவரும்.

விலை கொடுத்து கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பெற்றோரும் இருக்கிறீர்கள். டிஸ்க் பிரேக், அகல டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் எல்லாம் நல்லதுதான். ஆனால் அதோடு ஒரு ஹெல்மெட் வாங்கியவர் எத்தனை பேர்? கொட்டகையில் ஒன்றுகூடத் தென்படவில்லை.

இனி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிரேக்கும் பெல்லும் இல்லாத சைக்கிள் பள்ளி வாசலுக்குள் வராது. சீருடையிலோ பள்ளியின் பெயரைச் சொல்லிக்கொண்டோ காட்டுக்குள் போய் வீடியோ போட்டால், பெற்றோர் நேரில் வந்து பேசிய பிறகுதான் வகுப்பு. அடுத்த முறை வனத்துறை வழக்குப் பதிந்தால், பள்ளி நடுவில் வந்து கெஞ்சாது. “நாங்கெல்லாம் அந்தக் காலத்துல போகாத காடா” என்று பிள்ளைகள் முன்னால் சொல்கிற அப்பாக்களும் மாமாக்களும் தயவுசெய்து அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

சைக்கிள் ஓட்டக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே போகிறார்களே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓட்டுவதற்கு வழியா இல்லை? கருநாக்கமுத்தன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊர் ஊராகத் திராட்சைப் பந்தலுக்கு நடுவில் போகலாம். வயல் வரப்பை ஒட்டிய மண்பாதையில் மேடு பள்ளத்துக்குக் குறைவே இல்லை. ஒட்டான்குளம் பக்கம் காலையில் போனால் கொக்கும் நாரையும் பார்க்கலாம். நிமிர்ந்தால் மேற்கே மலை அப்படியே நிற்கும். ஒன்று மட்டும்: 18-ஆம் கால்வாயில் தண்ணீர் போகிற நாட்களில் கரைமேல் ஓட்ட வேண்டாம். சரிவு வழுக்கும், விழுந்தால் ஏறிவரப் பிடிமானம் கிடையாது.

பிப்ரவரியிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை காலை, உடற்கல்வி ஆசிரியர் தலைமையில் இந்த ஊர்ப்பாதைகளில் மாணவர்களை அழைத்துப் போவதாக இருக்கிறோம். மாணவிகளுக்கும் இடம் உண்டு. கூட வர ஓர் ஆசிரியை முன்வந்திருக்கிறார். ஹெல்மெட்டும் உங்கள் சம்மதக் கையெழுத்தும் கட்டாயம். ஹெல்மெட் வாங்க முடியாதவர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் சில வாங்கி வைக்கிறோம். பிள்ளையின் பெயரை என்னிடம் மட்டும் சொன்னால் போதும், வெளியே தெரியாது. சைக்கிள் கடை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் கொட்டகைக்கே வந்து பிரேக் கட்டை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டைக்கு ஆகும் காசு மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு எங்கள் நன்றி.

போன் செய்து அழைத்ததும் தோட்ட வேலையைப் பாதியில் விட்டு அன்றே வந்து, பிள்ளைகளை அடிக்காமல் உட்காரவைத்துப் பேசிய பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் பள்ளிக்கு இதில் ஒன்றும் ஆகாது. இணைத்துள்ள சம்மதச் சீட்டை நிரப்பி, இந்த மாதக் கடைசிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

குறிப்பு: கொட்டகைக்குப் பின்னால் கிடந்த மட்கார்டுகள், செயின் கவர்கள், கூடைகளை எல்லாம் எடுத்து அலுவலக வராந்தாவில் வைத்திருக்கிறோம். பெற்றோருடன் வந்து வாங்கிக்கொள்ளலாம்.