நத்தைகுத்தி நாரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வில்லிவாக்கத்துச் சொந்தங்களுக்கும் புதுப்பேட்டை நண்பர்களுக்கும் வணக்கம்.

2016 வர்தா புயலில் எங்கள் பூங்காவின் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அந்த இடம் வெகுகாலம் வெறும் மண்மேடாகவே கிடந்தது. இப்போது அங்கே ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு நத்தைகுத்தி நாரை நிற்கிறது, முழுக்கப் பழைய இரும்பில். வருகிறவர்கள் எல்லோரும் அடியில் குனிந்து கல்வெட்டைத் தேடுகிறார்கள். கல்வெட்டு கிடையாது, வேண்டாம் என்று நாங்களே முடிவெடுத்தோம். வைத்தால் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பஞ்சாயத்து தொடங்கும். கடைசியில் ரிப்பன் வெட்டியவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், வெல்டிங் வைத்தவர் பெயர் இருக்காது. நம் ஊரில் பார்க்காத கல்வெட்டா!

அதற்காக நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? இந்த மடலிலும் பெயர்கள் இல்லை. பாதிப் பேர் "என் பேரைப் போடாதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. அவரவருக்குத் தன்னைத் தெரியும்.

முதல் நன்றி கவின்கலைக் கல்லூரித் தம்பிக்கு. பூங்காவில் ஏதாவது வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஆளுக்கொன்று சொன்னோம். சிமென்ட் மான், டால்பின், வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பென்குவின் குப்பைத்தொட்டி. தம்பி சிரிக்கவில்லை. "இங்க ஏரி நிறைய தண்ணி இருந்தப்போ என்ன பறவை வரும்?" என்று மட்டும் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேச ஆரம்பித்தார்கள். அலகு மூடாத நாரை ஒன்று நத்தை தேடி வரும் என்று ஒருவர் சொன்னதுதான் தாமதம், தம்பி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குக் கிளம்பிப் போய் நோட்டு நிறைய வரைந்து வந்துவிட்டார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்று அவர் படிக்கும் கல்லூரி. மெரினாவில் 1959-இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். பாறையைத் தள்ளும் அந்த நால்வருக்கு மாடலாக நின்றவர்களில் கல்லூரியின் காவலாளியும் ஒருவர் என்று சொல்வார்கள். எங்கள் பூங்கா வாட்ச்மேன் அண்ணனிடம் இதைச் சொன்னதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. வெல்டிங் நடந்த இரவுகளில் இரும்பு ஒரு துண்டுகூடக் காணாமல் போகவில்லை என்றால், அது அவர் கண்விழித்ததால்தான். அவருக்கும் நன்றி.

புதுப்பேட்டை பாய்க்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. கழித்துப்போட்ட வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக அடுக்கி வைத்திருக்கும் கடை அவருடையது. நாங்கள் போய் நின்று "பறவை செய்யணும்" என்றபோது ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம்பியின் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு உள்ளே போய், மினி லாரியின் வளைந்த லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் இரண்டைத் தூக்கி வந்து எதிரும் புதிருமாகப் பிடித்துக் காட்டினார். இரண்டு முனையிலும் ஒட்டி, நடுவில் விலகி, அப்படியே அந்த நாரையின் அலகு! அதற்கு மேல் நாங்கள் பேரம் பேசவில்லை. அவரும் எடைக்கு எடை பழைய இரும்பு விலைதான் போட்டார். கறுப்புச் சிறகுக்கு பைக் செயின், கழுத்துக்கு ஸ்பிராக்கெட், கண்ணுக்கு பேரிங் குண்டு, எல்லாம் அவர் கடைச் சரக்கு. உடம்புத் தகடு மட்டும் எங்கள் தெருவிலேயே கிடைத்தது. அப்பா ஓட்டிய பழைய பஜாஜ் சேத்தக்கை வீட்டுச் சந்தில் நிறுத்தி வைத்திருந்த அக்கா ஒருவர், "துரு பிடிச்சு வீணாப் போறதுக்கு இதுல இருக்கட்டும்" என்று கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா, நாரையின் இடது பக்கத்தில் இருப்பது உங்கள் வண்டித் தகடுதான். அந்தப் பச்சை நிறத்தில் ஒரு கை அகலத்தைத் தம்பி பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறார், பாருங்கள்.

இனி ஐ.சி.எஃப். அண்ணன்மார். 1955-இலிருந்து ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்தும், அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் தினமும் எங்களோடு நடந்துகொண்டிருந்தும், அவர்கள் கையில் என்ன வித்தை இருக்கிறதென்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மூன்று பேர் வந்தார்கள். வந்ததும் குவியலில் பாதியை ஒதுக்கினார்கள். ஜி.ஐ. பைப் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையானால் ராத்திரி குளிர் ஜுரம்தான். செயினை அப்படியே வைக்கக் கூடாது, கிரீஸ் போக ஊறவைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றவைத்த இடத்தில் ஓட்டை விழும். அலகுப் பட்டைதான் வம்பு பிடித்தது. ஸ்பிரிங் இரும்பில் கார்பன் அதிகம், சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். கேஸ் விளக்கில் பதமாகச் சூடேற்றிப் பற்றவைத்து, உடனே காய்ந்த மணலில் புதைத்து இரவெல்லாம் ஆறவிட்டார்கள். நாரையோடு வைக்கும் நத்தையைச் செய்யக் கொண்டுவந்த டெம்போ பிரேக் டிரம் வார்ப்பிரும்பு. அதில் சாதாரண வெல்டிங் ராடு எடுபடாது என்று துளை போட்டு போல்ட் மாட்டினார்கள்.

இவற்றையெல்லாம்விட நான் வியந்தது கால் விஷயத்தில். இவ்வளவு பெரிய உடம்பை இரண்டு குச்சிக் கால்கள் தாங்காது, இன்னொரு வர்தா வந்தால் என்ன ஆகும் என்று பொறியாளர் மேடம் கேட்டார். கால்களைத் தடிமனாக்கினால் நாரை வாத்தாகிவிடும் என்று தம்பி முரண்டு பிடித்தார். மூத்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கட்டுமானக் கம்பிகளைப் புல் மாதிரி வளைத்துக் கட்டாக்கி, வால் பக்கமாக நிறுத்திக் காட்டினார். பார்ப்பவர்களுக்கு அது கோரை. உண்மையில் மூன்றாவது கால் அதுதான். பாரத்தில் பெரும்பங்கு அதன் வழியாகக் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது.

அந்த மேடத்துக்கும் நன்றி. ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு மேசை மேசையாக உலா வந்துகொண்டிருந்த நாட்களில், "வரைபடத்தைத் திருத்திக் கொடுங்க, நான் பேசறேன்" என்று சொன்ன ஒரே ஆள் அவர். நகரில் வேறு சில இடங்களில் கவின்கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மாநகராட்சியே பழைய இரும்பில் சிற்பங்கள் வைத்திருப்பதை எடுத்துக்காட்டியவரும் அவர்தான்.

எதிர்த்தவர்களுக்கும் நன்றி உண்டு. "குழந்தைங்க விளையாடற இடத்துல கூரா இரும்பா?" என்று சண்டைக்கு வந்த பெரியம்மா இல்லையென்றால் வேலை இவ்வளவு நேர்த்தியாக முடிந்திருக்காது. அவரே ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்துவந்து, கைக்கு எட்டும் உயரம் வரை நாரை முழுக்கத் தேய்த்தார். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சாக்பீஸ் குறி. குறி விழுந்த இடத்திலெல்லாம் கிரைண்டர் ஓடியது. துணி வழுக்கிக்கொண்டு போனபிறகுதான் ரெட் ஆக்சைடு அடிக்கவே விட்டார்.

வசூலைக் கல்யாண மொய் நோட்டில் எழுதி வரவு செலவை டீக்கடைச் சுவரில் ஒட்டிய மாஸ்டருக்கும், நாரையின் நெற்றியில் யாரோ பூசும் குங்குமத்தைக் காலையில் சத்தமில்லாமல் துடைத்துவிடும் துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கும் நன்றி. விபூதி வரை வந்துவிட்டது, இன்னும் உண்டியல்தான் பாக்கி.

இரண்டு வேலை மிச்சம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் துரு பார்த்து ஒரு கோட் பெயின்ட் அடிக்க வேண்டும். ஞாயிறு காலையில் கை சும்மா இருப்பவர்கள் பழைய சட்டையோடு வாருங்கள். இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த வேலை. இந்த நாரையின் குஞ்சுக்கு அலகில் இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் விலகும் என்று தம்பி அவர்களிடம் சொல்லிவிட்டார். அலகு மூடிய குஞ்சு ஒன்று பக்கத்தில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நேரான பட்டை இரண்டைப் பாய் எடுத்து வைத்துவிட்டார். உடம்புக்குத் தகடு வேண்டும், பழைய ஸ்கூட்டர் யார் வீட்டுச் சந்தில் கிடந்தாலும் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பூங்கா காலை நடை நண்பர்கள்,
வில்லிவாக்கம்