கொல்லைவெளி நிழற்பந்தல், கழிப்பறைப் பணிகள்: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் அளித்த பணிகள் இவ்வாண்டு கத்திரி பிறக்கும் முன்பே முடிவடைந்தன. ஏரிக்கரை, கிணற்றுமேடு, மலையடிவாரக் கொல்லை ஆகிய மூன்று இடங்களில் நிழற்பந்தலும் குடிநீர்ப் பானைகளும், கிணற்றுமேட்டில் பெண்களுக்கான கழிப்பறை ஒன்றும் அமைந்துள்ளன.

வேலூரில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நமக்குப் பழகியதுதான். ஆயினும், மார்கழிப் பட்டத்து மல்லாட்டையை (நிலக்கடலையை)ச் சித்திரையில் பிடுங்கி ஆய்வதும், குனிந்தபடியே களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை என்பதால், அந்த வெயில் அவர்கள் முதுகில்தான் இறங்குகிறது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. கொல்லை வரப்பில் செய்ய வேண்டியதை நாம்தான் செய்தாக வேண்டும்.

பந்தலும் பானையும் போதும் என்றே குழு முதலில் கருதியது. ஈரச்சாக்கு சுற்றிய பானைகள் மாலையிலும் பாதிக்குமேல் நிறைந்திருந்ததைக் கண்டு பங்குனியில் விசாரித்தபோதுதான், ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் காலையில் வீட்டில் குடித்த ஒரு சொம்புத் தண்ணீரோடு பொழுது சாயும்வரை இருந்துவிடுவதும், நீர்க்கடுப்பை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்வதும் தெரியவந்தது. குழுவில் ஆண்களே மிகுதி என்பதால் இது முன்பே தோன்றவில்லை என ஒப்புக்கொள்கிறோம். கழிப்பறை வந்தபின் கிணற்றுமேட்டுப் பானையை உச்சிவேளைக்குள் இரண்டாம் முறை நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஏரிக்கரைப் பந்தலுக்குத் தகரம் வேய்ந்ததும் நம் பிழையே. அதனடியில் உட்கார்ந்தவர்கள் சற்று நேரத்தில் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். தகரத்தின்மேல் தென்னங்கீற்று பரப்பியபின்தான் அங்கே தங்க முடிந்தது.

விடியலில் தொடங்கிப் பதினோரு மணிக்குள் கரையேறும் வழக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் வந்துவிட்டது; இதற்காகப் பெண்கள் மூன்று மணிக்கே எழுந்து உலை வைக்கிறார்கள் என்பதையும் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டுகிறோம். பந்தல்களில் உப்புக்கரைசல் (ORS) பொட்டலம் தீர்ந்திருந்தால், 1 லிட்டர் நல்ல தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கிக் குடிக்கலாம். உடம்பு அனலாய்க் கொதித்துப் பேச்சுக் குழறினால் வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் நனைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

மலையடிவாரக் கொல்லைக்குக் கழிப்பறை இன்னும் இல்லை. மீதித் தொகையை அதற்கே ஒதுக்கும் தீர்மானமும், வரவு செலவுக் கணக்கும் வரும் கூட்டத்தில் உங்கள் முன் வைக்கப்படும்.

இங்ஙனம்,
பணிக்குழு