சரம் சரமாகத் தொங்கும் ஒரு கடலூர்க்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தொழிலதிபர்கள் என்றாலே சென்னை, கோவைப் பெயர்களைத்தான் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. கடலூர் சின்னி கிருஷ்ணனைப் பற்றி எப்போதாவதுதான் ஒரு வரி வருகிறது. பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடியவேண்டும் என்பது அவர் பிடிவாதம். டால்கம் பவுடரையும் பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பையும் சிறு சிறு பொட்டலங்களாக்கி விற்றார். அடுத்து ஷாம்பூ. பாட்டில் வாங்க வசதியில்லாமல் சீயக்காயோடு இருந்த வீடுகளுக்கு அது பாக்கெட்டில் வந்தது. இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குவது அவர் யோசனைதான். (அந்தக் காலி உறைகள் சாக்கடையை அடைப்பதும் உண்மை, அந்தப் பழியை அவர் ஒருவர்மீது மட்டும் போடுவது நியாயமல்ல.)

அவர் மறைவுக்குப் பின் மகன்கள் வெல்வெட் ஷாம்பூவை ஊரெங்கும் கொண்டுசேர்த்தார்கள். புறா, மீன் வளர்ப்பதில் திரிந்த, படிப்பில் சுமாரான மகன் ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகப் பிரிந்து தொடங்கியதுதான் இன்றைய கெவின்கேர் நிறுவனம். தன் ஷாம்பூவுக்கு அவர் வைத்த 'சிக்' என்ற பெயர் அப்பாவின் பெயரெழுத்துகளிலிருந்து வந்தது. வீட்டில் சின்னி கிருஷ்ணன் எப்படிப்பட்ட தகப்பன் என்பதற்கு எனக்கு இது போதும்.

கடலூரில் ஒரு தெருவுக்காவது அவர் பெயரை வைக்க நகராட்சியாக இருந்தபோதே யோசித்திருக்கலாம். இப்போது மாநகராட்சி, இனியாவது செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர்