அறுகம்பைக்குப் போகும் மருமகனுக்கு: முதுகில் பை வேண்டாம்

அன்பு மருமகனுக்கு,

நேற்றுப் பின்னேரம் உன் அம்மா போன் எடுத்தார். "அவன் அந்த பைக்கில அறுகம்பைக்குப் போறானாம். மூன்று நாள் சாமானையும் முதுகில கொழுவிக்கொண்டு போகப் போறானாம். நீயாவது சொல்லு" என்றார். நீ போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கடலையும் களப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓடும் அந்த ஓட்டத்தை உன் வயதில் ஓடாமல் எப்போது ஓடுவது? முதுகில் கொழுவுவதுதான் பிழை. உன்னிடம் தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய பையோடு குனிந்தபடி நிலாவெளி வீதியில் போகிற பொடியன்களை அடிக்கடி காண்கிறேன். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

உன் ஆர்15ஐ ஒருமுறை பக்கவாட்டில் நின்று பார். ஹேண்டில் தாழ்ந்து இருக்கிறது, பின் சீற் வால்போல மேலே ஏறி நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் உடம்பு தானாகவே முன்னால் சாயும். உன் மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கை மணிக்கட்டுகள் தாங்கும். அதற்கு மேல் 8 கிலோ பையைக் கொழுவினால் அந்தப் பாரமும் தோள் வழியாக உள்ளங்கைக்குத்தான் இறங்கும். வாகரை வருமுன்னே விரல்கள் மரத்துப் போகும், பிரேக்கைப் பிடிக்கிற விரல்கள். குனிந்து ஓடும்போது ஹெல்மெட்டின் பின்பக்கம் பையில் முட்டும். தலையை நிமிர்த்தித் தூரத்தைப் பார்க்க முடியாது. விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பைக்குள் கிடக்கிற பூட்டும் சார்ஜரும் உன் முதுகெலும்புக்கும் தாருக்கும் நடுவில் இருக்கும்.

அப்படியென்றால் சாமானை எங்கே வைப்பது? பாரமானது எதுவோ அது உனக்குப் பக்கத்திலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேனர், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பெற்றோல் டாங்கியின் மேல் கட்டுகிற சின்னப் பைக்குள் போகட்டும். காந்தம் வைத்த பை வாங்குவதாக இருந்தால், உன் டாங்கியில் காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பார். பிளாஸ்டிக் மூடி இருக்கிற இடத்தில் அது நிற்காது. பையைக் கட்டியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க மறக்காதே. திருப்பும்போது பை ஹோர்னை அமத்தினால், அல்லது கிளட்ச் பிடிக்கிற கையை இடித்தால், அது உனக்குச் சரியான பை இல்லை.

உடுப்பு பாரமில்லை. அதைச் சுருட்டி நீளமான ஒரு பையில் போட்டுப் பின் சீற்றின் மேல் கட்டலாம். பின்னால் கரியர் அடித்துப் பெட்டி பூட்டச் சிலர் சொல்வார்கள். உன் பைக்குக்கு அது வேண்டாம். பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிற ஒவ்வொரு கிலோவும் முன்சில்லின் பாரத்தைக் குறைக்கும். முன்பக்கம் லேசானால் வேகத்தில் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று வலப்பக்கத்தால் அடிக்கும்போது, உயரத்தில் பெட்டி இருந்தால் அந்தக் காற்றுக்கு அது ஒரு பாய் மாதிரி.

எல்லாவற்றிலும் முக்கியம் கட்டுகிற விதம். பல வருடத்துக்கு முன் கந்தளாய் வீதியில் எனக்கு நடந்ததை உன் அம்மாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. கொளுக்கி போட்ட இரண்டு இறப்பர் கயிற்றால் ஒரு பையைப் பின்னால் கட்டியிருந்தேன். இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. ஒரு சின்னக் குழியில் பைக் துள்ளியதும் ஒரு கொளுக்கி கழன்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கயிறு செயினோடு இழுபட்டுப் போய்ப் பின் பற்சில்லில் சுற்றிக்கொண்டது. பின்சில்லு அப்படியே இறுகியது. நாற்பது வேகம்கூட இருக்காது. பைக் வழுக்கிக்கொண்டே போய் வீதியோரப் புல்லில் நின்றது. பின்னால் வந்த லொறிக்காரர் பிரேக் அடித்திராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. அவர்தான் இறங்கிவந்து கத்தி தந்தார். பற்களுக்குள் உருகி ஒட்டியிருந்த இறப்பரைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். அந்தக் கொளுக்கி நிமிர்ந்து, வளைவே இல்லாமல், ஆணி மாதிரிக் கிடந்தது. அது கழன்ற நேரம் என் முகத்துக்கு வந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

ஆகவே கொளுக்கிக் கயிறு வேண்டாம். பக்கிள் வைத்த தட்டையான நாடா வாங்கு. உன் பின் சீற் சாவியால் கழலும் அல்லவா? அதைக் கழற்றி நாடாவைச் சீற்றுக்கு அடியால் விட்டுத் திரும்பப் பூட்டினால், பையைச் சீற்றே பிடித்துக்கொள்ளும். நான்கு மூலையும் இழுபட வேண்டும். இழுத்தபின் மிஞ்சுகிற நாடா வாலைத் தொங்கவிடாமல் சுருட்டிச் செருகு. நாடா உரசுகிற இடத்தில் பெயின்ற் போகும். அங்கே முதலே மெல்லிய ஸ்டிக்கர் ஒட்டிவிடு. பின் லைற், சிக்னல், நம்பர் பிளேற் மூன்றையும் பை மறைக்கக் கூடாது. பக்கப் பை தொங்கவிட எண்ணினால் வலப்பக்கத்து சைலன்சரை நினைவில் வை. கூட்டாளி ஒருவனின் மழைக்கோட்டு அதில் பட்டு உருகி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உன் அம்மா. நீ புறப்படுகிற காலையில் அக்கரைப்பற்றுச் சித்திக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு கிலோ கருவாடு கட்டி வைத்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் கட்டித் தந்தவர்தானே. கருவாட்டை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்று முதல் நாளே நான் வாங்கிவிடுகிறேன். அவர் மனமும் நோகாது, உன் பின் சீற்றும் தாங்கும்.

பாரம் ஏற்றியபின் இன்னும் இரண்டு மூன்று வேலை இருக்கிறது. டயர்களுக்கு எவ்வளவு காற்று என்று பைக்கோடு வந்த கொப்பியில் இருக்கும்; பாரத்துக்குச் சொன்ன அளவை, டயர் சூடேறாத காலை நேரத்தில் அடி. செயினை அளவுக்கு மேல் இறுக்காதே. பின் ஷொக் அமரும்போது அது இன்னும் இறுகும். பின்பக்கம் அமர்வதால் ஹெட்லைற்றும் மேலே தூக்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இருட்டுமுன் போய்ச் சேர்வதுபோல் புறப்படு.

சீனக்குடா, வெள்ளைமணல் தாண்டிப் பாலத்தைக் கடந்ததும் கிண்ணியாவில் நிறுத்து. 2009இல் பாலம் திறக்கிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற படகுக்காக, காத்து நின்ற இடம் அது. அங்கே இறங்கி நான்கு நாடாவையும் கையால் இழுத்துப் பார். சுருட்டிய உடுப்பு குலுங்கி அமர்ந்திருக்கும், நாடா கட்டாயம் தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு ஒரு தேத்தண்ணி குடி. அடுத்தது வெருகல் கோயிலடியில். பிறகு மட்டக்களப்பு வரைக்கும் நீயே பார்த்துக்கொள்வாய்.

பின் சீற்றில் கட்டுகிற என்னுடைய வால் பை அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ஒரு பக்கத் தையல் விட்டிருந்தது, போன கிழமைதான் தைப்பித்தேன். ஞாயிறு காலை பைக்கோடு வா. கொண்டுபோகிற உடுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. கட்டிப் பார்த்து நிலாவெளி வரைக்கும் ஓடிவிட்டு வரலாம்.

அன்புடன்,
மாமா
உப்புவெளி, திருகோணமலை