ஞாயிறு கொடைக்கானல் ஏரிப் பயணம்: வியாழனுக்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 15ஆம் தேதி, காலை 5 மணிக்கு நம் குடியிருப்பு வாசலிலிருந்து வேன் கிளம்பும். இரவு 9 மணிவாக்கில் மதுரை திரும்பிவிடலாம். வழிகாட்டி கூடவே வருகிறார்.

1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரி அது. படகோடு நிறுத்தாமல் கரையை ஒரு சுற்று நடப்போம், சுமார் 5 கிலோமீட்டர். தண்ணீர்மேல் மூடுபனி நகர்வதை நடந்தால்தான் ஆற அமரப் பார்க்கலாம்.

1. வருபவர் எண்ணிக்கையை வியாழன் இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள். வண்டி மலையேறத் தேவையான இ-பாஸ் (இணைய அனுமதி) நான் எடுக்கிறேன்.
2. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.
3. ஸ்வெட்டர், குடை.
4. மலைப்பாதை வளைவுகளில் போன தடவை பிள்ளைகள் வாந்தியெடுத்து வாடிப்போனார்கள். காலையில் வயிறுமுட்டக் கொடுக்காதீர்கள். அப்புறம், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

பெரியவர்களும் தயங்காமல் வாருங்கள், முன் இருக்கை உங்களுக்குத்தான்.