நடக்கச் சொல்லும் முன் காலைப் பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினீர்கள். நல்ல திட்டம், குறை சொல்ல வரவில்லை. சர்க்கரைக்கு வந்தாலும், ரத்தக்கொதிப்புக்கு வந்தாலும், மூட்டு வலிக்கு வந்தாலும் “எடையைக் குறைங்க, தினமும் நடங்க” என்கிறீர்கள். அதுவும் சரி. ஆனால் அப்படிச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவரின் செருப்பைக் கழற்றச் சொல்லி பாதத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?

நான் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நின்றபடி பாடம் நடத்துகிற வேலை. எனக்கிருப்பது குதிகால் வலி. பெரியவர்கள் குதிகால் வாதம் என்பார்கள், நீங்கள் பிளான்டர் ஃபேசியைடிஸ் என்பீர்கள். குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை நைந்து போவதால் வருவது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி ஏறினாற்போல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறை வரை போக முடியும். நாலு எட்டு நடந்ததும் கொஞ்சம் விடும். அந்தத் தைரியத்தில் வெளியே நடந்துவிட்டு வந்தால் சாயங்காலம் மொத்தமாகத் திரும்பக் கொடுக்கும்.

வலிக்கு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, “எலும்பு வளர்ந்திருக்கு. எடையைக் குறைச்சா சரியாயிடும்” என்றார். எப்படிக் குறைப்பது என்று கேட்டேன். “நடங்கம்மா” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, வெளியே வரிசை வாசல் வரை நின்றது. ஆனால் இதே உரையாடல் தமிழ்நாடு முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. எடை கூடினால் குதிகால் வலி வரும் வாய்ப்பு கூடுகிறது. வலி வந்தால் நடை நிற்கிறது. நடை நின்றால் எடை இன்னும் ஏறுகிறது. மறுபடி வரும் நோயாளிக்கு ‘சொன்ன பேச்சு கேட்காதவர்’ என்று பெயர். எட்டு கிலோமீட்டர் என்பது பத்தாயிரம் அடிக்கு மேல், ஒவ்வொரு அடியிலும் உடம்பின் முழு எடையும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. இதைச் சோம்பேறித்தனக் கணக்கில் எழுதுவது நியாயமா?

அந்த எலும்பு வளர்ச்சி பற்றியும் ஒன்று. வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் அது தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அம்மாக்கள், காலை ஊன்றினால் இன்னும் வளரும் என்று பயந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலை போட்டு மிதிப்பார்கள். சூட்டுக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் மரத்துப்போன காலோடு அதில் ஏறி நின்று கொப்புளம் வாங்கிக்கொள்வதுதான் பயம்.

எனக்கு வழி காட்டியவர் ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). வலிக்கிற காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போடச் சொன்னார். விரல்களைக் கையால் பிடித்து முன்னங்காலை நோக்கி மெதுவாக வளைக்க, உள்ளங்காலில் அந்த நார் கம்பியாக விறைத்துக்கொண்டு தட்டுப்பட்டது. அப்படியே பத்து எண்ணிவிட்டு விடவேண்டும், திரும்பச் செய்யவேண்டும். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடியே. அப்புறம் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தூக்காமல் கெண்டைக்காலை இழுப்பது. கொஞ்சம் தேறியதும் படிக்கட்டு விளிம்பில், விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது. ஒரு ரூபாய் செலவில்லை. ஊசி போட்டால் சீக்கிரம் குறையும் என்பார்கள். குறையும்தான். ஆனால் ஸ்டீராய்டு ஊசியின் பலன் நெடுநாள் நீடிப்பதில்லை, திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயலாம், நாரே அறுந்துபோகவும் கூடும். பொறுமையாகப் பயிற்சி செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். இதை முதல் நாளே யாராவது சொல்லவேண்டாமா?

செருப்புக்கு வருகிறேன். எம்சிஆர் என்னும் நுண்துளை ரப்பரில் செய்த மெத்தென்ற செருப்பு, வேலூரில் மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் கால்களுக்காகப் பாடுபட்டதன் தொடர்ச்சியாக வந்தது. நம் ஊர்ச் சரக்கு. ஆனால் எங்கள் வீடுகளில் டைல்ஸ் தரையில், வெறுங்காலோடு, அடுப்படியில் காலையிலும் மாலையிலும் நிற்கிறோம். “வீட்டுக்குள்ளே செருப்பா?” என்று மாமியார் கேட்பார். ‘வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். மருமகள் சொன்னால் அடங்காது. பூங்காக்களில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவப் பாதை போடுகிறார்களே, அதில் வெறுங்காலோடு நடந்தால் எல்லா வலியும் போகும் என்று நம்புகிறவர்களையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேசவேண்டும்.

உடற்பயிற்சி என்றாலே நடைதான் என்ற எண்ணத்தையும் நீங்கள்தான் மாற்றவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் கேட்கிறது. நடந்தே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. சைக்கிள் மிதிக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கலாம். நீச்சல் எல்லாவற்றிலும் நல்லது, ஆனால் எங்கள் ஊரில் பெண்கள் கூச்சமில்லாமல் இறங்க ஒரு குளம் காட்டுங்கள் பார்ப்போம். எடை குறைவதில் பெரும்பங்கு தட்டில்தான் இருக்கிறது என்பதையும் உடைத்துச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் நடந்து எரித்ததை இரண்டு வடையும் ஒரு டீயும் திருப்பித் தந்துவிடும். கால் ஆறும் வரை சோற்றின் அளவைக் குறைத்து, சுண்டலும் காயும் கூட்டினாலே எடை நகரத் தொடங்கும். அதற்குக் கால் வலி தடையில்லை.

சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்று ஒரு திட்டமே வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து. எங்களுக்கு வலி தெரிகிறது, அதனால் யாரும் பார்ப்பதில்லை.

நடைபாதையில் நடத்தும் மருத்துவ முகாமில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறீர்கள். அதே மேசைக்குப் பக்கத்தில் ஓர் இயன்முறை மருத்துவரையும் உட்கார வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள், புதிதாகத் தேடவேண்டியதில்லை. தொற்றா நோய்ப் பிரிவில் ‘நடங்க’ என்று எழுதும் சீட்டில், ‘காலையில் முதல் அடி வலிக்கிறதா?’ என்று ஒரு வரி சேருங்கள். ஆம் என்றால் பயிற்சிப் படங்கள் உள்ள ஒரு தாளைக் கையில் கொடுங்கள். எட்டு கிலோமீட்டர் பாதையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உட்கார ஒரு பெஞ்சும் போட்டுவிட்டால், நாங்களும் ஒரு கிலோமீட்டரிலிருந்து தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
நடக்க விருப்பமுள்ள ஓர் ஆசிரியை