மனுவோடு மாத்திரையும் எடுத்துச் செல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் வசித்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதிப் பெண்கள் குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களுடன் சாலை மறியலில் அமர்ந்தபோது நானும் அவர்களோடு இருந்தேன். எங்களைக் கைது செய்து, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, மாலையில் விடுவித்தார்கள். அன்று அந்த மண்டபத்தில் கண்டவைதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தன.

எங்களோடு வந்திருந்த, அறுபது வயதைக் கடந்த அக்கா ஒருவர், காலையில் சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் சாப்பிடாமலே கிளம்பியிருக்கிறார். பதினொரு மணியளவில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் சொல்லத் தொடங்கினார். வெயில் மயக்கம் என்று எண்ணி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால், அது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. அவருக்கு நினைவு இருந்ததால், ஒரு பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊட்டியிருக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழைத்திருக்க வேண்டும். இதை அங்கிருந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்று எண்ணும்போது இப்போதும் மனம் பதறுகிறது.

ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறவர் மாலை வரை திரும்ப முடியாது என்று எண்ணியே புறப்பட வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் செல்ல வேண்டும். அன்றைய மாத்திரைகளையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலையும் கையில் வைத்திருக்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் உறிஞ்சு மருந்தை (இன்ஹேலர்) மறக்கக் கூடாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்கு எங்கே போவது என்ற தயக்கத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் இதைவிட ஆபத்து வேறில்லை. கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து எடுத்துச் செல்லலாம். வெயிலில் நின்றவருக்கு உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது சாதாரண மயக்கமன்று. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்சை வரவழைக்க வேண்டும்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தடியடியில் கலைந்தது. ஒரு பக்கம் தடியும் மறுபக்கம் தாமிரபரணியும் இருக்க, மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். அன்று இறந்தவர்கள்மீது நான் குறை சொல்லவில்லை; தடியடிக்குப் பயந்து ஓடுகிறவருக்கு வழியைத் தேர்ந்தெடுக்க நேரம் ஏது? அதனால்தான், அந்த வழியைக் கூட்டம் கூடும் முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்கிறேன். இன்றும் ஆட்சியர் அலுவலகம் அதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அங்கே போய் நின்றதும் ஒவ்வொருவரும் சுற்றிலும் பார்த்து, வெளியேற எத்தனை வழிகள் உள்ளன, தடுப்பு வேலி எங்கே இருக்கிறது, ஆறு எந்தப் பக்கம், கூட்டம் கலைந்தால் நம்மவர்கள் எந்த இடத்தில் மீண்டும் சேர்வது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். சுவரையோ வேலியையோ ஒட்டி நிற்க வேண்டாம். கைக்குழந்தைகளைத் தயவுசெய்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

காவல்துறை ஒன்றும் செய்யாவிட்டாலும் நெரிசல் கொல்லும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில், மார்பு நசுங்கி மூச்சுவிட முடியாமல் நின்ற நிலையிலேயே உயிர் போகிறவர்கள் உண்டு. இரண்டு தோள்களிலும் பிறர் இடித்து, கையை உயர்த்த முடியாத நிலை வரும்போதே ஓரமாக விலகிவிட வேண்டும். சிக்கிக்கொண்டால் இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதனோடு போய்க்கொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும். கழன்ற செருப்பையோ விழுந்த செல்பேசியையோ எடுக்கக் குனியக் கூடாது. இதற்காகவே காலில் இறுகப் பொருந்தும் செருப்போ காலணியோ அணிவது நல்லது.

கண்ணீர்ப்புகை வீசப்பட்டால் கண்ணைத் தேய்க்காமல், காற்று வரும் திசை நோக்கி மேட்டுப் பகுதிக்கு விலகிச் செல்ல வேண்டும். அந்தப் புகை தாழ்ந்து படியும் என்பதால் தரையில் உட்காரக் கூடாது. சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவினால் போதும். எண்ணெய் தடவுவது எரிச்சலைத் தோலோடு பிடித்து வைக்கும்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது தெரிந்திருக்க வேண்டும். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் உரிமை. ஆயினும் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. முன்பு 144 என்று நாம் அறிந்திருந்த தடை உத்தரவு 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவாக மாறியிருக்கிறது. அனுமதி கிடைத்ததா, எத்தனை மணி வரை என்பதை அழைத்துச் செல்கிறவர்களிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கைதானால், காரணத்தை அறியவும், உறவினருக்குத் தகவல் சொல்லவும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பின் விடியும் வரை, விதிவிலக்கான சூழ்நிலையில் நடுவரின் முன் அனுமதியோடு பெண் காவல் அதிகாரி செய்வதைத் தவிர, பெண்களைக் கைது செய்யக் கூடாது. செல்பேசி பறிபோனால் ஒரு எண்கூட நினைவுக்கு வராத காலம் இது என்பதால், வீட்டாரின் எண்ணையும் வழக்கறிஞரின் எண்ணையும் முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

இவை அனைத்தையும் வருகிறவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஆட்களைத் திரட்டுகிற கட்சியினரும் சங்கத்தினரும் ஒலிபெருக்கிக்கும் பதாகைக்கும் காட்டும் அக்கறையைத் தண்ணீர்க் குடத்துக்கும், நிழலுக்கும், முதலுதவி தெரிந்த இருவருக்கும் காட்ட வேண்டும். வந்தவர்கள் பெயரை எழுதி வைத்து, மாலையில் எல்லோரும் வீடு சேர்ந்தார்களா என்று பார்க்க வேண்டும். தங்கள் நாளிதழும் போராட்ட அறிவிப்புகளை வெளியிடும்போது 108, 15100 ஆகிய இரு எண்களையும் அதன் கீழே ஒரு வரியில் அச்சிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மறியலுக்கு எங்கள் தெருவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முந்தைய நாள் மாலையிலேயே இவற்றைச் சொல்லித்தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.